மதமின்றி வாழ்தல்: ஒரு நெடுங்கேள்வியும் மதுரை வட்டாரம் கண்ட விடைகளும்

மதுரைத் திருநகரில் எந்தத் திறந்தவெளியில் நின்றாலும் திருப்பரங்குன்றம் மலை கண்ணில் படும். அதன் குகையொன்றில் சமணத் துறவியரின் கற்படுக்கைகளும் சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முந்தைய தமிழி எழுத்துகளும் இருக்கின்றன. வடபுறத்தில் 8-ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் குடைவரையைக் கருவறையாகக் கொண்ட முருகன் கோயில். தென்புறத்தில், சமணக் குடைவரையாக இருந்து 13-ஆம் நூற்றாண்டில் சிவன் கோயிலாக மாற்றப்பட்ட உமையாண்டார் கோயில். மேலே காசி விசுவநாதர் கோயிலும் சிக்கந்தர் தர்காவும்.

இந்த மலை யாருக்குச் சொந்தம் என்று 1920-இல் மதுரையில் தொடுக்கப்பட்ட உரிமையியல் வழக்கு, 1931-இல் லண்டன் பிரிவி கவுன்சிலில் முடிந்தது. தர்கா, அதற்குச் செல்லும் படிக்கட்டு, நெல்லித்தோப்பு ஆகியவை நீங்கலாக மலை கோயிலுக்கே உரியது என்பது தீர்ப்பு. வழக்கு முடிந்ததே தவிர, பூசல் முடியவில்லை. 2025 பிப்ரவரியில் ஆடு, கோழி பலியிடுவதை ஒட்டித் தடையுத்தரவும் பழங்காநத்தத்தில் பெரும் ஆர்ப்பாட்டமும் நடந்தன. அதே ஆண்டு டிசம்பரில், கார்த்திகை தீபத்தை மலைமேலுள்ள தூணில் ஏற்றுவதா என்பது நீதிமன்ற உத்தரவாகவும் மறியலாகவும் மேல்முறையீடாகவும் வளர்ந்தது.

இத்தகைய பூசல் எழும்போதெல்லாம் ஒரு பழைய கேள்வியும் உடன் எழுகிறது. மதம் நமக்குத் தேவைதானா? அறிவையும் பரிவையும் மட்டும் துணையாகக் கொண்டு மனிதர் நல்லபடி வாழ முடியாதா? மேலைநாட்டில் இக்கேள்விக்கு ஹியூம் முதல் ரஸ்ஸல் வரை விடை சொன்னவர்கள் உண்டு. தமிழில் அதன் வயது இன்னும் அதிகம். அந்த விடைகளில் முதன்மையானவற்றை, அவை பிறந்த சூழலோடும் அவற்றின் பலவீனங்களோடும் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தொடங்கும் முன் ஒரு தெளிவு வேண்டும். மதத்துக்கு எதிரான வாதம் என்று நாம் சொல்வது ஒன்றல்ல. மதம் சொல்வது உண்மையா என்பது ஒரு கேள்வி. மதம் நன்மை செய்கிறதா என்பது வேறு கேள்வி. மதத்தை விட்டவர் எதைக் கைக்கொண்டு வாழ்வது என்பது மூன்றாவது. முதல் கேள்விக்கான விடையை வைத்து இரண்டாவதை முடித்துவிடலாம் என்று நினைத்ததில்தான் இரு தரப்பிலும் பல விவாதங்கள் தடம் புரண்டிருக்கின்றன.

பூதவாதியின் குரல்

தமிழில் கடவுளையும் மறுபிறப்பையும் மறுக்கும் வாதம் விரிவாகப் பதிவான பழைய நூல்களில் முதன்மையானது மணிமேகலை. வஞ்சி நகரில் மணிமேகலை பத்துச் சமயத்தாரின் கொள்கைகளைக் கேட்கிறாள். கடைசியாகப் பேசுபவன் பூதவாதி. ஆத்திப்பூவும் வெல்லக்கட்டியும் பிறவும் சேரும்போது கள்ளின் வெறி தோன்றுவதுபோல, பூதங்கள் கூடும்போது உணர்வு தோன்றுகிறது; கூட்டம் கலைந்தால் உணர்வும் கலைகிறது; இம்மைப் பயன் இம்மையிலேயே தீர்ந்துவிடும், மறுமை என்பது பொய் என்று அவன் சொல்கிறான். உயிரை உடலின் விளைவாகக் காணும் இன்றைய நரம்பியல் பார்வைக்கு இது வியப்பூட்டும் அளவுக்கு அருகில் நிற்கிறது.

மணிமேகலை தரும் மறுப்பும் கூர்மையானது. கண்ணால் கண்டதை மட்டுமே ஏற்பேன் என்பவன் தன் தாய் தந்தையரை எப்படி அறிந்தான்? அனுமானத்தை விட்டால் அதற்கு வேறு வழி இல்லையே என்று அவள் மடக்குகிறாள். காட்சி அளவை ஒன்றையே பற்றி நின்ற பழைய உலகாயதத்தின் நிலையான பலவீனம் இதுதான். பிற்காலப் பகுத்தறிவாளர்கள் அனுமானத்தை ஏற்றவர்கள், சான்றின் வலுவுக்கேற்ப அதை எடைபோட்டவர்கள். ஆகவே அவர்களை இந்தக் கேள்வி தொடாது.

நீலகேசியிலும் பூதவாதத்துக்கு ஒரு சருக்கம் இருக்கிறது. அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியார் பரபக்கம் உலகாயதனை மறுப்பதில்தான் தொடங்குகிறது. மூன்று நூல்களும் முறையே பௌத்தம், சமணம், சைவம் சார்ந்தவை. பூதவாதி தானே எழுதிய நூல் ஒன்றுகூடத் தமிழில் நமக்குக் கிடைக்கவில்லை. அவன் சொன்னதாக நாம் படிப்பதெல்லாம் எதிரி எடுத்துரைத்தது. அவன் வாதம் எந்த அளவு சுருக்கப்பட்டது, எந்த அளவு திரிக்கப்பட்டது என்பதை அறிய இன்று வழியில்லை. ஆனாலும் ஒன்றைக் குறிக்க வேண்டும்: மறுப்பதற்காகவேனும் அவனைப் பேசவிட்டிருக்கிறார்கள்.

மதுரை வட்டாரத்துக்கே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு. கடவுள் மறுப்பும் மதமும் இங்கே எதிரெதிரானவையாக எப்போதும் இருந்ததில்லை. கீழக்குயில்குடி சமணர்மலையில் தீர்த்தங்கரர் உருவங்களைச் செதுக்கியவர்களின் சமயத்தில் உலகைப் படைத்த கடவுளுக்கு இடமில்லை. இருந்தும் அது நோன்பும் சடங்கும் மடமும் கொண்ட முழுமையான மதம். ஆகவே கடவுள் இல்லை என்று நிறுவிவிட்டால் மதம் போய்விடும் என்ற எதிர்பார்ப்பு இந்த மண்ணின் வரலாற்றுக்கே பொருந்தாது.

மதுரையில் எண்ணாயிரம் சமணர் கழுவேற்றப்பட்டதாகச் சைவ நூல்கள் சொல்லும் செய்தியையும் இங்கே கருத வேண்டும். மதவெறியின் சான்றாகப் பகுத்தறிவு மேடைகளில் அடிக்கடி எடுத்தாளப்படுவது அது. ஆனால் அக்காலத்துக் கல்வெட்டுச் சான்று எதுவும் அதற்கில்லை. வரலாற்றாசிரியர் பலர் அதை நடந்த நிகழ்ச்சியாக ஏற்கத் தயங்குகிறார்கள். அப்படியொரு கொலையைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள ஒரு பக்தி மரபு கூசவில்லை என்பது மட்டும் உறுதி. சான்றைக் கோருவதையே உயிராகக் கொண்ட இயக்கம், தனக்குச் சாதகமான கதையிலும் அதே கண்டிப்பைக் காட்டியாக வேண்டும்.

சுயாக்கியானிகளும் மெய்யா பொய்யா என்ற கேள்வியும்

நவீனப் பொருளில் மதச்சார்பற்ற வாழ்வு என்ற கொள்கைக்கு இங்கிலாந்தில் 1851-இல் பெயர் சூட்டியவர் ஹோலியோக். அடுத்த தலைமுறையில் சார்லஸ் பிராட்லா அதை மக்கள் மேடைக்குக் கொண்டுவந்தார். சென்னையில் அதன் எதிரொலியாக இந்து சுயாக்கியானிகள் சங்கம் தோன்றியது. 1882 முதல் 1888 வரை 'தத்துவ விவேசினி' என்ற தமிழ் இதழை நடத்தியது. அத்திப்பாக்கம் வெங்கடாசல நாயகரின் 'இந்துமத ஆசார ஆபாச தரிசினி' வெளிவந்ததும் 1882-இல்தான். கிறித்துவ மிஷனரிகள் புராணங்களை அறிவால் சோதித்துக்கொண்டிருந்த காலம் அது. சுயாக்கியானிகள் அந்தச் சோதனையைப் புராணத்தோடு நிறுத்தவில்லை, பைபிளிலும் நடத்தினார்கள். ஒரு மதத்தை விமரிசித்து இன்னொன்றுக்கு ஆள்சேர்க்காத நேர்மை அவர்களின் தனிச்சிறப்பு.

அவர்கள் எழுப்பியது பெரும்பாலும் உண்மை பற்றிய கேள்வி. அந்தக் களத்தில் இன்றைய நிலை என்ன? உலகின் ஒழுங்கைக் காட்டிப் படைத்தவனை நிறுவும் வாதத்தை ஹியூம் 1779-இல் வெளியான உரையாடல்களில் தளர்த்தினார். உயிரினங்களைப் பொறுத்தவரை டார்வின் 1859-இல் அதற்கு மாற்று விளக்கமே தந்துவிட்டார். எல்லாம் வல்ல, எல்லாம் அறிந்த, முழுக்க நல்லவரான கடவுள் இருந்தால் குழந்தைகள் ஏன் துடிதுடித்துச் சாகின்றன என்ற கேள்விக்கு நிறைவான விடை இன்றுவரை இல்லை. கன்மக் கொள்கை ஒரு விடை தருவதுபோலத் தோன்றும். ஆனால் அது துன்பப்படுபவரையே குற்றவாளியாக்கிவிடுகிறது. சாதி ஏற்றத்தாழ்வுக்கு அது முட்டுக்கொடுத்த வரலாறும் நமக்குத் தெரியும்.

இருந்தாலும், கடவுள் இல்லை என்று முடிந்த முடிபாக நிறுவப்பட்டுவிட்டது என்று சொல்வது மிகை. உண்டு என்பவரே நிறுவக் கடமைப்பட்டவர், இதுவரை அவர் தந்த சான்று போதாது என்பதே நியாயமான அளவில் சொல்லக்கூடியது. 1927-இல் ரஸ்ஸல் தான் ஏன் கிறித்துவரல்ல என்று ஆற்றிய புகழ்பெற்ற உரையும் கிட்டத்தட்ட அந்த இடத்தில்தான் நிற்கிறது. அந்த நிலையே ஒருவர் மதமின்றி வாழ்வதை நியாயப்படுத்தப் போதுமானது என்பது என் கருத்து.

சுயாக்கியானிகளின் பலவீனம் வாதத்தில் இல்லை, எல்லையில் இருந்தது. படித்த நகரத்தாரின் சிறு வட்டமாகவே இருந்து, இதழ் நின்றதோடு அவர்கள் குரலும் மங்கியது.

அவர்களுக்குப் பின் மதுரையோடு சிறிது காலம் தொடர்புற்ற ஒருவரை இங்கே நினைவுகூரலாம். பசுமலையில் 1881-இல் தொடங்கிப் பின்னர் நகருக்குள் இடம்பெயர்ந்த அமெரிக்கன் கல்லூரியில், 1920-களின் நடுவில் கோரா என்ற கோபராஜு ராமச்சந்திர ராவ் தாவரவியல் கற்பித்தார். பின்னாளில் ஆந்திரத்தில் கடவுள் மறுப்புக்காக வேலையிழந்து, 1940-இல் நாத்திக மையத்தை நிறுவினார். கடவுள் இல்லை என்பதோடு நிற்காமல், அப்படியானால் தீண்டாமைக்கும் வறுமைக்கும் பொறுப்பு நம்முடையதே என்று அடுத்த அடி வைத்தார். காந்தியோடு அவர் நடத்திய உரையாடல் இந்தத் துறையின் அருமையான ஆவணம். கோராவின் மகளுக்கும் தாழ்த்தப்பட்ட சமூக இளைஞர் ஒருவருக்கும் சேவாகிராமத்தில் திருமணம் நடத்திவைக்க ஒப்புக்கொண்ட காந்தி, சடங்கில் கடவுளின் பெயருக்குப் பதிலாகச் சத்தியத்தின் பெயரைச் சொல்லவும் இசைந்தார். காந்தி கொல்லப்பட்ட பின், 1948 மார்ச்சில் அந்தத் திருமணம் அப்படியே நடந்தது.

யாருக்கு லாபம் என்ற கேள்வி

1925 மே 2-இல் 'குடி அரசு' தொடங்கியதும் கேள்வியின் திசை மாறியது. கடவுள் உண்டா என்பதைவிட, கடவுளின் பெயரால் யார் உண்கிறார்கள் என்பதே பெரியாருக்கு முதன்மை. வைக்கத்தில் தெருவில் நடக்கும் உரிமைக்காகப் போராடியவர், அந்த உரிமையை மறுக்கும் ஆணை எங்கிருந்து வருகிறது என்று தேடிக்கொண்டே போய்ச் சாத்திரத்தையும், அதன் பின் சாத்திரத்துக்கு ஆதாரமான கடவுளையும் அடைந்தார். தத்துவ நூலகத்திலிருந்து தெருவுக்கு வந்த நாத்திகம் அல்ல அது. தெருவிலிருந்து கிளம்பியது.

இதே காலத்தில் சிங்காரவேலர் 'குடி அரசு' பக்கங்களில் அறிவியல் எழுதினார். பகத் சிங் நாத்திகரான காரணத்தைச் சொல்லும் கட்டுரையை ஜீவா தமிழாக்க, அதை வெளியிட்டதற்காக ஈ.வெ. கிருஷ்ணசாமியும் ஜீவாவும் கைதானார்கள். மதுரைக்குத் தெற்கே அருப்புக்கோட்டையை அடுத்த சுக்கிலநத்தத்தில், 1928-இல், முதல் சுயமரியாதைத் திருமணம் என்று இயக்க வரலாறு குறிப்பிடும் திருமணம் நடந்தது. 1931-இல் சுயமரியாதை மாநாடு விருதுநகரில் கூடியது. மதுரையில் எதிர்ப்பும் கடுமையாக இருந்தது: 1946 மே மாதம் வைகையாற்றில் போட்ட கருஞ்சட்டை மாநாட்டுப் பந்தல் தீக்கிரையாக்கப்பட்டது.

சுயமரியாதைத் திருமணத்தைச் சற்று அருகில் பார்க்க வேண்டும். ஓமகுண்டம் இல்லை, புரோகிதர் இல்லை, விளங்காத மந்திரம் இல்லை. பொதுவாழ்வில் உள்ள ஒருவர் தலைமை வகிப்பார். மணமக்கள் தமிழில் உறுதிமொழி சொல்லி மாலை மாற்றிக்கொள்வார்கள். தாலி அவரவர் விருப்பம். பிறகு வாழ்த்துரைகள்; பந்தியில் இலை போட்டு எல்லாச் சாதியாருக்கும் ஒரே வரிசையில் சாப்பாடு. ராகுகாலத்திலும் ஆடி மாதத்திலும் வேண்டுமென்றே நாள் குறித்தவர்கள் உண்டு. கைம்பெண் மறுமணங்களும் சாதிமறுப்பு மணங்களும் இந்த மேடையில்தான் துணிச்சல் பெற்றன. பகுத்தறிவு ஒரு வாழ்க்கை முறையாகத் தன்னை மெய்ப்பித்துக் காட்டிய மிகச் சிறந்த இடம் இது என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

வாதத்தின் பலவீனங்களையும் சொல்ல வேண்டும். ஒரு நம்பிக்கையால் ஒருவர் ஆதாயம் அடைகிறார் என்பது அந்த நம்பிக்கை பொய் என்பதற்குச் சான்றாகாது. மக்கள் ஏமாற்றப்பட்டதால்தான் வழிபடுகிறார்கள் என்ற விளக்கம், அவர்கள் வழிபாட்டிலிருந்து என்ன பெறுகிறார்கள் என்று கேட்கும் பொறுமையைப் பல நேரம் இழந்தது. 1953-இல் பிள்ளையார் சிலை உடைப்பு அச்சத்தைப் போக்கியது என்பார் உண்டு. காதுகளை மூடியது என்பாரும் உண்டு. 1958-இல் உச்ச நீதிமன்றம், எளிய மண்ணுருவமும் ஒரு வகுப்பாருக்குப் புனிதமாக இருந்தால் சட்டப் பாதுகாப்புக்குரியதே என்று விளக்கம் தந்தது. மேடைத் திருமணத்திலும், புரோகிதர் எழுந்துபோன இடத்தில் காலப்போக்கில் கட்சித் தலைவர் உட்கார்ந்துகொண்டார் என்ற விமரிசனத்தில் உண்மை இல்லாமலில்லை.

எதிர்த்தரப்பும் இளைத்ததல்ல. கம்பராமாயணத்தைக் கொளுத்தலாமா என்று 1943-இல் சேலத்தில் அண்ணாவோடு வாதிட்ட நாவலர் சோமசுந்தர பாரதியார், திருநகருக்கு அடுத்த பசுமலையில் வாழ்ந்தவர். இந்தி எதிர்ப்பில் இருவரும் ஒரே அணி. ஒரு நூலில் உள்ள மதத்தை மறுப்பவர் அதன் கவிதையையும் மறுக்க வேண்டுமா என்ற கேள்வியை அந்த விவாதம் எழுப்பியது. அதற்கான விடையைத் தமிழ்ச் சமூகம் சொல்லிவிட்டது: கம்பனை அது கைவிடவில்லை.

உள்ளிருந்து திருத்துவோர்

மதத்தை விடவேண்டியதில்லை, கதவைத் திறந்தால் போதும் என்பது மூன்றாவது நிலை. வடலூரில் 1867-இல் தருமசாலையும் 1872-இல் சத்திய ஞானசபையும் கண்ட வள்ளலார் இதன் முன்னோடி. பிற்காலத்தில் அவர் சாதியையும் சமயப் பிரிவுகளையும் ஒருசேர மறுத்தார். பசித்தவருக்குச் சோறிடுவதை வழிபாட்டின் மையமாக்கினார்.

மதுரையில் இந்த நிலையின் உச்சம் 1939 ஜூலை 8. அன்று காலை ஏ. வைத்தியநாத ஐயர் தலைமையில் கக்கன் உள்ளிட்ட தாழ்த்தப்பட்ட சமூகத்தாரும் நாடார் சமூகத்தாரும் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் சென்றார்கள். பட்டர்களில் ஒரு பகுதியினர் பூசை செய்ய மறுத்தனர். உள்ளே சென்றவர்களைக் காக்கும் சட்டம் அதன்பின்தான் வந்தது. அன்று நுழைந்தவர்களுக்கு வேண்டியது கடவுள் மறுப்பு அல்ல, வழிபடும் உரிமை. இதைப் பகுத்தறிவாளர் குறைத்து மதிப்பிட்டால் அது பெரும்பிழை.

ஆனால் இந்த நிலைக்கும் ஒரு வரம்பு இருக்கிறது. கோபுர வாசல் திறந்த பிறகும் கருவறைக் கதவு மூடியே கிடந்தது. பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழித்த 1970-ஆம் ஆண்டுச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் 1972-இல் ஏற்றது. ஆயினும் நியமனம் ஆகமத்துக்கு உட்பட்டே நடக்கவேண்டும் என்றதால் நடைமுறையில் மாற்றம் நின்றுபோனது. அனைத்துச் சாதியினருக்கும் பயிற்சியளித்த பள்ளிகளில் ஒன்று மதுரையில் இயங்கியது. பயிற்சி பெற்றவர்களில் 24 பேர் 2021 ஆகஸ்டில் நியமனம் பெறும்வரை அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. மதம் உள்ளிருந்தே திருந்தும் என்பவர்கள், ஒவ்வொரு படியிலும் வெளியிலிருந்து ஒரு சட்டமோ கிளர்ச்சியோ ஏன் தேவைப்பட்டது என்பதை விளக்கக் கடமைப்பட்டவர்கள். குன்றக்குடி அடிகளார் போன்றவர்கள் இதை உணர்ந்திருந்தார்கள். பெரியாரோடு நட்புப் பூண்ட அந்தச் சைவத் துறவி, 1982 மண்டைக்காட்டுக் கலவரத்தின்போது அமைதிக்காக இறங்கி வேலை செய்தார்.

சாதி என்னும் உரைகல்

மதம் போனால் சாதி போகும் என்பது தமிழகப் பகுத்தறிவு வாதத்தின் அடித்தளங்களில் ஒன்று. இதுவே அதன் கடினமான தேர்வும் ஆயிற்று.

அயோத்திதாசர் வேறு வழியைத் தேர்ந்தார். 1898-இல் பௌத்தம் தழுவி, 1907 முதல் 'தமிழன்' இதழ் நடத்திய அவருக்கு, மதத்தை விடுவதைவிடப் பகுத்தறிவுக்கு ஒத்த மதம் ஒன்றை மீட்பதே விடுதலை. லட்சுமி நரசு அந்தப் பௌத்தத்துக்கு அறிவியல் நோக்கில் விளக்கம் எழுதினார். 1956-இல் அம்பேத்கர் நாகபுரியில் எடுத்த முடிவுக்கு இது முன்னோடி. 1981-இல் தென்காசிப் பக்கம் மீனாட்சிபுரத்தில் நூற்றுக்கணக்கானோர் இஸ்லாத்தில் சேர்ந்ததும் இந்த வரிசையில் வைத்து எண்ணத்தக்கது. ஒடுக்கப்பட்டவருக்குத் தனியாளாக நிற்கும் அறிவைவிட, தோள்கொடுக்கும் ஒரு சமூகம் முதலில் தேவைப்படலாம் என்ற பாடத்தை இவை தருகின்றன.

எதிர்ச்சான்றுகளும் பக்கத்திலேயே இருக்கின்றன. திருச்சி மேலப்புதூர்க் கத்தோலிக்கக் கல்லறையில் சாதிக்கொரு பக்கமாகச் சுவர் எழுந்தது. மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் ஊரைப் பிளந்த சுவரின் ஒரு பகுதி 2008 மே மாதம் இடிக்கப்பட்டது. அங்கே பூசலின் வேர் முத்தாலம்மன் கோயிலிலும் அரசமரத்திலும் படர்ந்திருந்தது. 1997-இல் மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசன் உள்ளிட்டோர் வெட்டிக் கொல்லப்பட்டதற்குக் காரணம் கோயில் அல்ல, தலித்துக்கு ஒதுக்கப்பட்ட நாற்காலி. கடவுளை நம்பாத குடும்பங்களிலும் மணப்பேச்சு என்று வந்தால் சாதி பார்க்கப்படுகிறது என்பது யாரும் அறியாத செய்தியல்ல. சாதி மதத்தில் வேர்விட்டிருக்கலாம். இப்போது நிலம், உறவுமுறை, வாக்கு ஆகியவற்றின் நீரில் தனியாகவே வளர்கிறது.

நாட்டார் வழிபாட்டை ஆய்ந்தோர் இன்னொரு பக்கத்தைக் காட்டினார்கள். மதுரைக் காமராசர் பல்கலைக்கழகத்தில் அழகர் கோயிலைப் பற்றி ஆய்வு செய்த தொ. பரமசிவன் பகுத்தறிவு மரபில் வந்தவர். சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்குவதை, பல சாதி மக்கள் ஒரு தெய்வத்தைத் தங்களுடையதாக்கிக்கொண்ட சமூக நிகழ்வாக அவர் வாசித்தார். வண்டியூரில் துலுக்க நாச்சியார் கதை அதன் ஒரு கண்ணி. வழிபாட்டில் சமூகம் தன்னையே கொண்டாடுகிறது என்ற துர்க்கைமின் கருத்துக்கு இது நெருங்கி வருகிறது. ஆனால் முதல் மரியாதைக்காகவும் வடம் பிடிப்பதற்காகவும் ஊர்கள் வெட்டிக்கொண்டதும் இதே வழிபாட்டில்தான். கொண்டாட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அரிவாளை மறந்துவிட முடியாது.

கடவுள் இன்றி அறம்

மதத்தை விட்டால் ஒழுக்கம் கெடும் என்பது மிகப் பழைய அச்சம். தருக்க அளவில் இதற்கான மறுப்பு பிளேட்டோ காலத்திலேயே உண்டு: கடவுள் சொன்னதால் ஒன்று நல்லதாகிறதென்றால் அவர் கொலையைச் சொன்னாலும் அது நல்லதாகிவிடும், நல்லது என்பதால் அவர் சொல்கிறார் என்றால் நன்மைக்கு அவர் தேவையில்லை. அனுபவ அளவில், மத ஈடுபாடு மிகக் குறைந்த டென்மார்க், சுவீடன் போன்ற நாடுகள் குற்றத்தில் மூழ்கிவிடவில்லை. வாழ்க்கைப் பாதுகாப்பு கூடக்கூட மதப் பிடிப்பு தளரும் என்று நாரிஸும் இங்கிள்ஹார்ட்டும் 2004-இல் எழுதினார்கள். கல்வியிலும் மருத்துவத்திலும் முன்னேறிய தமிழ்நாட்டில் கோயில் கூட்டம் பெருகியிருப்பதைப் பார்த்தால், அந்த விதி இங்கே இன்னும் மெய்ப்படவில்லை.

மறுபக்கமும் உண்டு. 1967-இல் வழிபாட்டையே தடைசெய்த அல்பேனியா, பகுத்தறிவைக் காவல்துறை வேலையாக்கியது. படைப்புக் கடவுளுக்கு இடமில்லாத பௌத்தத்துக்கு இலங்கை 1972 அரசியலமைப்பில் முதன்மை இடம் தரப்பட்டது; அது தமிழருக்குப் பாதுகாப்பாக அமையவில்லை. யாழ்ப்பாணம் முதல் கொழும்பு வரை பேய், பில்லி, சூனியத்தை அம்பலப்படுத்திய ஆபிரகாம் கோவூரின் துணிவை மதிக்கும்போதே, கடவுளின்மை மட்டும் நீதியைக் கொண்டுவராது என்பதையும் அதே தீவு காட்டுகிறது.

சட்டம், சாவு, திறந்திருக்கும் கேள்விகள்

அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமகனின் கடமை என்று 1976-இல் அரசியலமைப்பில் 51-அ பிரிவு சேர்ந்தது. மத உணர்வைப் புண்படுத்துவதைத் தண்டிக்கும் 1927-ஆம் ஆண்டுச் சட்டப்பிரிவின் சாரமும் இன்றைய சட்டத்தில் நீடிக்கிறது. இரண்டுக்கும் நடுவே நடப்பவரின் பாதுகாப்பு உறுதியானதல்ல. நரேந்திர தபோல்கர் 2013-இலும், கோவிந்த் பன்சாரேயும் கல்புர்கியும் 2015-இலும் கொல்லப்பட்டார்கள். 2017 மார்ச்சில் கோவையில், இஸ்லாத்தை விட்டு நாத்திகரான திராவிடர் விடுதலைக் கழகத்தின் ஃபாரூக் கொல்லப்பட்டார். ஒரு மதத்தை விமரிசிப்பவருக்கு இன்னொரு மதத்தார் கைதட்டுவதும், தம் முறை வரும்போது கத்தி எடுப்பதும் நம் நாட்டு நடப்பு.

அண்ணா ஆட்சியில் 1967-இல் நிறைவேறிய திருத்தம் சுயமரியாதைத் திருமணத்தைச் செல்லுபடியாக்கியது. ஊரறிய அறிவிக்க வேண்டியதில்லை என்று 2023-இல் உச்ச நீதிமன்றமும் அதன் வாசலை அகலப்படுத்தியது. ஆனால் அது இந்துத் திருமணச் சட்டத்தின் 7-அ பிரிவு. இரு இந்துக்களுக்கு இடையிலான திருமணத்துக்கே பொருந்தும். கடவுளை மறுத்து மாலை மாற்றிக்கொண்டவர்களும் சட்டத்தின் கண்ணில் இந்துத் தம்பதியர்தாம். இஸ்லாத்தில் நம்பிக்கை இழந்த கேரளப் பெண் ஒருவர், சொத்துரிமையில் தமக்குப் பொதுச்சட்டம் பொருந்தவேண்டும் என்று கேட்ட வழக்கை உச்ச நீதிமன்றம் 2024-இல் விசாரணைக்கு எடுத்தது. நம்பிக்கையிலிருந்து வெளியேற முடிகிறது. தனிச்சட்டத்திலிருந்து வெளியேற முழுமையான வழி இல்லை.

சாவு இன்னும் கடினமான இடம். திருமணத்துக்கு ஒரு மாற்று வடிவத்தை உருவாக்கிய இயக்கம், இறப்புக்குப் படத்திறப்பையும் நினைவேந்தல் கூட்டத்தையும் தந்தது. மதுரை மருத்துவக் கல்லூரிக்கு உடல்தானம் எழுதிவைப்போரும் உண்டு. ஆயினும் கருமாதி வரை உறவினர் வீட்டுக்கு வந்து சோறாக்கிப் போட்டு, அழவிட்டு, பின் அழுகையை நிறுத்தச் சொல்லும் அந்தப் பதினாறு நாள் ஒழுங்குக்கு நிகரானதைப் பகுத்தறிவு வாழ்வு இன்னும் அமைத்துக்கொள்ளவில்லை. குழந்தைகளை எந்த நம்பிக்கையும் திணிக்காமல் வளர்ப்பது எப்படி, மதமற்றவர்கள் ஒருவருக்கொருவர் துணையாக நிற்கும் அமைப்பு எது என்பவையும் திறந்தே கிடக்கின்றன. மெய்யா பொய்யா என்ற களத்தில் மதமறுப்பின் கை ஓங்கியிருக்கிறது. அதிகாரத்தை எதிர்த்த களத்தில் அதன் சாதனை அழுத்தமானது. ஆறுதலும் கூட்டுறவும் தரும் களத்தில் அது தொடக்க நிலையிலேயே நிற்கிறது.

மதமற்றவர்கள் எத்தனை பேர் என்பதுகூட நமக்குச் சரியாகத் தெரியாது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாத்திகர் என்று பதிவானவர்கள் நாடு முழுவதும் 33,304 பேர்; நூறாண்டுச் சுயமரியாதை இயக்கம் கண்ட தமிழ்நாட்டில் 1,297 பேர். நாடளவில் மதம் குறிப்பிடாதோர் சுமார் 28.7 லட்சம். படிவத்தில் ஆறு மதங்களுக்குத் தனி எண் உண்டு, மதமின்மைக்கு இல்லை. பெயரைக் கேட்டதுமே கணக்கெடுப்பவர் மதத்தை எழுதிக்கொண்டு நகர்வதும் நடக்கிறது. அடுத்த கணக்கெடுப்பின் மக்கள் எண்ணிக்கைக் கட்டம் 2027 பிப்ரவரியில் வருகிறது. மதமின்றி வாழ்பவர்கள் அன்று கேள்வி வருமுன்பே தங்கள் விடையைச் சொல்ல வேண்டும். சொன்னபடிதான் எழுதப்பட்டதா என்று கேட்டு உறுதிசெய்துகொள்ளவும் வேண்டும்.